தூரத்து மாமன்

இந்த மலாயா நாட்டில் கோடை என்று ஒன்று கிடையாது. வந்து இத்தனை வருஷமாகியும் எனக்குப் பழக்கமாகாத சங்கதி இதுதான். சித்திரையிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்து ஒரு பாட்டம் கொட்டிவிட்டுப் போகும். ரப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதைப் பார்த்துத்தான் ஒரு வருஷம் போய்விட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் தோட்டத்து முக்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் சீனர் ஆ குவியிடம், கோடைக்கு ஊருக்குப் போய் வரப்போகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கோடையை ‘மூசிம் பானாஸ்’, சூட்டுக் காலம், என்றேன். வெயிலைத் தேடி ஒருவன் கப்பல் ஏறுவானா என்று அவர் யோசித்திருக்க வேண்டும். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குளிர்காய்ச்சல் என்று முடிவு கட்டி, காய்ந்த இஞ்சியைப் பொட்டலமாகக் கட்டிக் கையில் வைத்து, காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார். எதற்காகப் போகிறேன் என்று விளக்க என் மலாய் போதவில்லை.

உங்களுக்குச் சொல்லலாம். நான் ஈப்போ பக்கத்துத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். புண் கழுவிக் கட்டுவது, கொயினா மருந்து ஊற்றிக் கொடுப்பது என் வேலை. ஊர், திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற பாதையில் ஒரு சின்னச் சேரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த நாலெழுத்துதான் என்னைக் கடல் தாண்ட வைத்தது. அப்பா அம்மா இல்லை. எனக்கென்று இருந்தது தங்கை கன்னியம்மா ஒருத்திதான். அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. நான் புறப்பட்ட அன்று திண்டிவனம் ஸ்டேஷனில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, பச்சையம்மன் கண் திறந்து ஒரு பிள்ளை கொடுத்தால் நீ வந்து மடியில் வைத்துக்கொண்டால்தான் முடி இறக்குவேன், காது குத்துவேன் என்று அழுதாள். அம்மன் கண் திறந்தாள். பையன் பிறந்தான், முருகேசன் என்று பேர் வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காராத பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் கத்தி வைக்க மாட்டார்கள். ஆகவே அவன் தலைமுடி எனக்காக வளர்ந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் காலில் சீழ் கழுவும்போது அந்த முடியை நினைத்துக்கொள்வேன். சிரிக்காதீர்கள், தனியாக இருக்கிறவன் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்வான்.

ஈப்போவில் நம் ஆசாரி ஒருவரிடம் சிவப்புக்கல் வைத்து ஒரு ஜோடிக் கடுக்கன் செய்துகொண்டேன். துரை லீவு கொடுத்தார். கப்பல் தளத்தில் படுத்துக்கொண்டு, எந்தத் துணியை மடியில் விரிப்பது, பிள்ளை அழுதால் என்ன காட்டிச் சிரிக்க வைப்பது என்றெல்லாம் யோசித்தபடியே நாகப்பட்டினம் வந்து இறங்கினேன்.

விழுப்புரம் ஜங்ஷனில் தங்கை புருஷன் ஏழுமலை எனக்காகக் காத்திருந்தார். திண்டிவனம் வரை கூடவே வருவதற்காக அங்கேயே வந்துவிட்டாராம். எவ்வளவு பிரியம் பார் என்று எனக்கு மனசு பொங்கியது. தோளில் பிள்ளை. பிளாட்பாரத்தில் கால் வைக்க முடியாத வெயில். பிள்ளையின் தலையை ஈரத்துண்டால் இறுக்கிச் சுற்றியிருந்தார். வெயிலுக்கு என்றுதான் நினைத்தேன். வண்டி ஏறி உட்கார்ந்ததும் பையனை வாங்கி மடியில் வைத்தேன். அவனுக்குப் புழுக்கம். தானே துண்டை இழுத்து எறிந்தான். மொட்டைத் தலை. காய்ந்த சந்தனம் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு காதிலும் புதுக் கடுக்கன். காது மடல் இன்னும் சிவந்திருந்தது.

ஏழுமலை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எப்போது என்று கேட்டேன். போன வெள்ளிக்கிழமை என்றார். போன வெள்ளிக்கிழமை நான் கடல் நடுவில் இருந்தேன். யார் மடியில் என்று கேட்டதற்கு, “உங்க அண்ணாரு மடியிலதான் மச்சான். கோவிந்தன் மேஸ்திரி. அவுரும் மாமன்தான?” என்றார். கோவிந்தன் என் பெரியப்பா மகன். முறையில் குற்றம் சொல்ல முடியாது. முறை தவறியிருந்தால் பஞ்சாயத்தாவது வைத்திருக்கலாம். கோவிந்தன் திண்டிவனத்து மல்லாட்டை மில்லில், நிலக்கடலை உடைக்கிற இடத்தில், மேஸ்திரி. அவன் ஏழுமலையை அங்கே நிரந்தர ஆளாகச் சேர்த்துவிட்டிருக்கிறான். அவனுக்கு ஒரு சின்னப் பெண்ணும் இருக்கிறது. மடி கொடுத்த மாமன் நாளைக்குப் பெண்ணும் கொடுப்பான். நான் வருவது தெரிந்தே, வருவதற்கு முன்னால் என்று அவசரமாக முடித்திருக்கிறார்கள். வந்துவிட்டால் என்னை வைத்துக்கொண்டு வேறொருவனை உட்கார வைக்க முடியாதல்லவா?

கன்னியம்மா மரக்காணத்துக் கருவாடு போட்டுக் குழம்பு வைத்து, கேப்பைக் களி கிண்டிப் போட்டாள். நான் தட்டைத் தொடவில்லை. ஸ்டேஷனில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

“நீ கோவப்படுவேன்னு தெரியும் ணா. ஆனா நீ தூரத்துல கீற. உன் கோவம் இங்க வந்து சேர்றதுக்குள்ள ஆறிப்பூடும். மேஸ்திரி கோவப்பட்டா மறுநாளே எங்க வூட்ல ஒல வெக்க முடியாது. நான் இன்னா பண்ணட்டும்?”

இதற்குப் பதில் இருந்தால் யாராவது எனக்கு எழுதுங்கள். வயிற்றுப்பாட்டைச் சொன்னால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் என்னை நம்பவைத்துக் கழுத்தறுத்தது என் கூடப்பிறந்தவள் என்கிற நினைப்பு வாயை மூடினால் போய்விடுமா?

லீவு முழுவதும் அங்கேதான் இருந்தேன். வேறெங்கே போவது? அந்த ஒரு மாதத்தில் வீட்டில் என்னென்னவோ நடந்தது. கூரைக்குப் புது ஓலை போட்டார்கள். ஆடு இரண்டு குட்டி ஈன்றது. முருகேசன் முதல் தடவையாகத் தானே கிணற்றடி வரை நடந்து போய்த் திரும்பி வந்தான். அதற்கு வெல்லம் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் நான் இருந்தேன், விருந்தாளியாக. எனக்கு மட்டும் பாயை உதறிப் போட்டார்கள். எனக்கு மட்டும் தண்ணீரைச் செம்பில் கொடுத்தார்கள். பையன் கோவிந்தனைக் கண்டால் “மாமா” என்று ஓடுவான். என்னைக் காட்டி யாரென்று கேட்டால், “மலாயாக்காரரு” என்பான். அப்படித்தான் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

கோவிந்தன் ஒருநாள் வந்தான். வெற்றிலைச் செல்லத்தை என் பக்கம் தள்ளினான். ஜெயித்தவனின் தாராளம். “மாமன்னா கூப்ட்டா வர்ற தூரத்துல இருக்கணும் தம்பி. புள்ளைக்கு ஜுரம்னா நான்தான வண்டி கட்டிக்கினு ஜல்தியா ஓடணும்?” என்றான். ஊரில் ஜுரத்துக்கு மருந்து கொடுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும், எங்கே இருந்துகொண்டு கொடுப்பாய் என்று கேட்டிருப்பான். வெற்றிலையை எடுக்கவில்லை, அவ்வளவுதான் நான் காட்டிய ரோஷம்.

புறப்படும்போது, அந்தக் கடுக்கனையாவது கொடுத்துவிட்டுப் போயேன் என்றாள் கன்னியம்மா. கொடுக்கவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்து சில வருஷமாகிறது. இப்போது சீமையில் சண்டை; கப்பல் குறைந்துவிட்டது, கூலிக்கு ஆள் அனுப்புவதையும் இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். வந்தவர்கள் வந்தபடி, அங்கே நின்றவர்கள் நின்றபடி. போன மாதம் எங்கள் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வீட்டு வரிசையில், இருக்கும் பூங்காவனம் என்ற பெண், செஞ்சிப் பக்கத்துக்காரி, ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முடி இறக்கிக் காது குத்த வேண்டும், மாமனாக நான் உட்கார வேண்டும் என்று கேட்க வந்திருந்தாள். டிரெஸ்ஸர் ஐயா மடி கொடுத்தால் லயத்தில் மரியாதை, ஆத்திர அவசரத்துக்கு மருந்தும் கிடைக்கும். அவள் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லையா என்று கேட்டேன்.

“அண்ணன் ஒருத்தர் கீறாருங்க. அவுரு தூரத்துல கீறாரு,” என்றாள்.

செஞ்சியைத் தூரம் என்றாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதன் எந்த வயலில் நின்றுகொண்டு, தங்கை பிள்ளையின் முடி வளர்வதை நினைத்துக்கொண்டிருக்கிறானோ? மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை என் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அதன் முடி தோள் வரை தொங்கியது. எத்தனை காலம் ஒரு பிள்ளை அப்படியே இருக்கும்?

கோயிலில் மாமனாக உட்கார்ந்தேன். என் வெள்ளை வேட்டியெல்லாம் முடி கொட்டியது. ஆசாரியின் ஊசியை நானே வெந்நீரில் போட்டு எடுத்துக் கொடுத்தேன். வலது காதைக் குத்தி, பெட்டியிலிருந்த கடுக்கனில் ஒன்றைப் போட்டார். இடது காதுக்குத் திருப்பியபோது நான் பிள்ளையின் காதைக் கையால் மூடினேன். “இந்தக் காது இருக்கட்டும். இது உங்க அண்ணன் மடிக்கு. அவுரு வர்ற அன்னிக்கு மத்த கடுக்கனைத் தர்றேன்,” என்றேன். ஆசாரி முறைத்தார். லயத்துச் சனங்கள் சிரித்தார்கள். பூங்காவனம் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இப்போது அந்தப் பிள்ளை ஒற்றைக் கடுக்கனோடு லயமெல்லாம் ஓடுகிறது. நேற்று ஆ குவி கடைக்குப் பிள்ளையைத் தூக்கிப்போய் இறக்கிவிட்டேன். அவர் அதன் காதைப் பார்த்தார், பதறிப்போய் அரிசி மூட்டைகளை நகர்த்தித் தரையில் தேட ஆரம்பித்தார். தொலையவில்லை, என் பெட்டியில் இருக்கிறது, இந்தியாவிலிருந்து மாமன் வர வேண்டும் என்று என் மலாயில் சொன்னேன்.

“ஜாவு,” என்றார். தூரம் என்று அர்த்தம். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சமாதானமாகவில்லை. விளக்கை எடுத்து வந்து, மறுபடியும் குனிந்து தேட ஆரம்பித்தார். பிள்ளையும் கூடவே குனிந்து தேடியது.