பாட்டுச் சத்தத்தைக் குறைத்த ஃபுவாத்தினோ

எங்கள் ஊரில் பஸ் ஓட்டுகிற பெண் ஒருத்திதான். பெயர் ஃபுவாத்தினோ. வயது நாற்பத்திரண்டு. அவள் சிரித்தால் எங்கள் தீவின் சலேலோலோகா சந்தையில் மீன் விற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுடைய பஸ் ரோஜா நிறம் பூசிய மரப் பலகை பஸ். அதில் கதவு கிடையாது, ஆனால் நாலு ஸ்பீக்கர் உண்டு. அந்தச் சத்தத்தைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் இரண்டு தடவை புகார் கொடுத்தவள் நான். ஆகவே அவளைப் புகழ வேண்டிய கட்டாயம் எதுவும் எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சர்ச்சின் ஞாயிறு பள்ளிக்கு இருபத்தாறு வருடமாக நான்தான் பொறுப்பு. அக்டோபரில் வரும் வெள்ளை ஞாயிறு பிள்ளைகளின் நாள். அன்றைக்குப் பெரியவர்கள் பரிமாறுவோம், பிள்ளைகள் ராஜா மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் வெள்ளை உடுத்தி, சர்ச் நிறைந்த ஜனத்தின் எதிரே தனியாக நின்று, வசனத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். திக்கினால் சிரிப்போம். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பெற்ற தாயே முதலில் சிரிப்பாள். சங்கடம் வந்தால் நாங்கள் சிரித்துத்தான் அதைக் கழிப்போம்.

ஃபுவாத்தினோவுக்கு ஒன்பது வயதில் அப்படிக் கழியவில்லை. இரண்டாவது வரியில் நின்றுபோனாள். சர்ச்சே சிரித்தது. அவளுக்கு மூச்சு இழுத்தது, வெள்ளைப் பாவாடை நனைந்தது, வாசல் வழியாக ஓடியே போனாள். சிரித்தவர்களில் பதினேழு வயது நானும் ஒருத்தி. பிறகு எந்தக் கூட்டத்துக்கு முன்னாலும் அவள் நின்றதில்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்வார்களே என்று பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டாள். கடற்கரை விடுதியில் துணி துவைத்தாள். மாமனுடைய பஸ்ஸுக்கு ஆள் கிடைக்காதபோது ஏறி உட்கார்ந்தவள்தான், பதினெட்டு வருடமாக இறங்கவில்லை. டிரைவருக்கு எல்லோரும் முதுகுக்குப் பின்னால் இருப்பார்கள், அதுதான் சௌகரியம் என்று அவளே சொல்வாள்.

பள்ளிக்கூடம் என்றதும் வயிறு வலிக்கிற பிள்ளைகளை அவளுக்குப் பார்த்தவுடன் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளையைத் தன் பக்கத்தில், இன்ஜின் மேல் இருக்கிற பெட்டியில் உட்காரவைத்து, “ரோட்டுல பன்னி வந்தா கத்து, எனக்குக் கண்ணு சரியில்ல” என்பாள். கழுகு மாதிரி கண் அவளுக்கு. பன்றி பார்க்கிற மும்முரத்தில் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் இறங்கியிருக்கும். “ஃபுவா பஸ்ல ஏத்திவிடு” என்று தாய்மார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

பதின்மூன்று வயது லாங்கியின் விஷயம் பன்றியோடு முடிகிறதாக இல்லை. ஜூலை மாதம் வகுப்பில் வாசிக்க எழுந்தவளுக்கு மூச்சு அடைத்து, விரல் மரத்து, செத்துப்போகிறேன் என்று அலறியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். வயிற்றை நீவி எண்ணெய் தேய்த்தும் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் நின்றது. அவளுடைய அம்மா சியேனி என்னிடம் வந்து அழுதாள். பாவமாக இருந்தது. வெள்ளை ஞாயிறு பட்டியலில் லாங்கியின் பெயரை அடித்துவிட்டேன். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன்.

மறுநாள் ஃபுவாத்தினோ பஸ்ஸை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, பயணிகளை அப்படியே உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

“அக்கா, அந்தப் பொண்ணு பேரைத் திரும்ப எழுதுங்க.”

“நீயா இதைச் சொல்ற?”

“நான்தான் சொல்லணும். என் பேரையும் இப்படித்தான் பாவம்னு அடிச்சாங்க. அடுத்த வருசமும் அடிச்சாங்க. கடைசில நான் நெசமாவே ஆகாதவதான்னு நானே நம்பிட்டேன். இவளும் இப்ப ஓடினா ஓடிக்கிட்டேதான் இருப்பா. ஆறு வாரம் குடுங்க, பஸ்ல வச்சுப் பாக்கறேன்.”

“பஸ்லயா? அந்த ரேடியோ அலறுற அலறல்ல?”

“அதான் வேணும்” என்றாள்.

வாரத்தில் இரண்டு நாள் நான் சந்தைக்குப் போவது அந்த பஸ்ஸில்தான், வேறு பஸ் இல்லை. அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். ரேடியோ காது கிழியப் பாடும். இன்ஜின் பெட்டியில் உட்கார்ந்து லாங்கி ஐந்து வரி வசனத்தைச் சொல்வாள். உதடு அசைவதுதான் தெரியும். திங்கட்கிழமைதோறும் ஃபுவாத்தினோ சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பாள். மூன்றாவது வாரம் முன் பலகைக்காரர்களுக்கு லாங்கியின் குரல் கேட்டது.

“என்ன ஃபுவா, ஸ்பீக்கர் செத்துப்போச்சா?” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

“உன் காதுதான் செத்துப்போச்சு. வாயை மூடிட்டு மடியில இருக்கற கிழங்கு மூட்டையப் புடி.”

லாங்கிக்கு மூச்சு முட்டினால் பயப்படாதே என்று ஃபுவாத்தினோ ஒருநாளும் சொன்னதில்லை. “வருதா? வரட்டும். பாலம் தாண்டினா தானா எறங்கிடும். நீ மெதுவா மூச்சை வெளிய விட்டுக்கிட்டே வசனத்தைச் சொல்லு” என்பாள். ஆரம்பத்தில் பாலம் தாண்டியும் நடுக்கம் போகவில்லை. பிறகு பாலத்தில் போனது. பிறகு பாலத்துக்கு முன்னால் வரும் தேங்காய்க் களத்திலேயே போய்விட்டது. அதை முதலில் கவனித்தவள் லாங்கிதான். “ஃபுவாக்கா, இன்னைக்குக் களத்துலயே எறங்கிடுச்சு!” என்று கத்தினாள்.

ஐந்தாவது வாரம் ரேடியோ முழுதாக நின்றது. பஸ்ஸில் பலகை போதாமல் மடிக்கு மடி ஆள். ஃபுவாத்தினோ சொன்னாள்: “இன்னைக்கு மூணாவது வரிய வேணும்னே மறந்துடு.”

“ஐயோ, சிரிப்பாங்களே.”

“சிரிக்கட்டும். அதுக்குத்தான்டி சொல்றேன். சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நில்லு, அப்புறம் சொல்லு.”

மறந்தாள். பஸ் குலுங்கச் சிரித்தது. லாங்கியின் முகம் சிவந்தது, பாவாடையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் நின்றாள். சிரிப்பு அடங்கியதும் மூன்றாவது வரி வந்தது. அடுத்த நாள் நாலாவது வரியை மறந்தாள். வெள்ளிக்கிழமை வசனத்தின் நடுவில் எங்கள் வீட்டுப் பன்றியின் பெயரைச் சேர்த்தாள். வேதவசனத்தில் பன்றி! கண்டிக்க வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது.

அப்படியும் எனக்கு நம்பிக்கை பத்தவில்லை. பஸ் வேறு, சர்ச் வேறு. யாருக்கும் சொல்லாமல் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வீடு வீடாகப் போய், “லாங்கி நிக்கும்போது ஒருத்தர் பல்லைக் காட்டக்கூடாது. சிரிக்கிற குடும்பம் வருசம் பூரா சர்ச்சைக் கூட்டிப் பெருக்கணும்” என்று மிரட்டிவைத்தேன்.

வெள்ளை ஞாயிறு வந்தது. லாங்கி முன்னால் வந்து நின்றாள். முந்நூறு பேர் மூச்சு விடவில்லை. முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வரவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே மறந்துவிட்டது. யாரும் அசையவில்லை. ஒரு தாய் கைக்குழந்தையின் வாயைக்கூடப் பொத்தினாள். லாங்கியின் தோள் ஏறி இறங்கியது, கண் வாசல் பக்கம் போனது. ஓடப்போகிறாள் என்று தெரிந்தது.

அப்போது வாசலோரக் கடைசிப் பலகையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. சந்தையில் மீன்காரர்களைத் திரும்பவைக்கிற அதே சிரிப்பு. முந்நூறு தலையும் திரும்பின. முப்பத்து மூன்று வருடமாக எந்தக் கண்களுக்குப் பயந்து கடைசிப் பலகையில் உட்கார்ந்தாளோ, அத்தனை கண்களுக்கும் எதிரே ஃபுவாத்தினோ எழுந்து நின்றாள்.

“என்னடி லாங்கி, பன்னி தின்னுட்டுப் போயிடுச்சா? நாங்க சிரிக்கிறோம், நீ நில்லு!”

லாங்கி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், சர்ச் மொத்தமும் வெடித்தது. பாதிரியாரும் சிரித்தார். விளக்குமாற்றுப் பயம் யாருக்கும் இல்லை. லாங்கி கையைக் கட்டிக்கொண்டு, நாங்கள் சிரித்து முடிக்கட்டும் என்று பொறுமையாக நின்றாள். பிறகு மூன்றாவது வரி, நாலாவது, ஐந்தாவது. கடைசிச் சொல் கூரையில் போய் இடித்தது. பெண்கள் எழுந்து ஆடினார்கள். சியேனி அழுதுகொண்டே ஆடினாள். நான் கை வலிக்கத் தட்டினேன். எழுந்தவள் உட்கார மறந்து ஃபுவாத்தினோ நின்றுகொண்டே இருந்தாள்.

மறுநாள் லாங்கி பள்ளிக்கூடம் போனாள், அந்த வாரமே எழுந்து வாசித்தாள். ஆனால் நான் சொல்ல வந்தது வெள்ளை ஞாயிறு மதியச் சாப்பாட்டில் நடந்தது. நான் கிழங்கும் தேங்காய்ப்பால் கீரையும் பரிமாறிக்கொண்டு வந்தேன். லாங்கி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“டீச்சர், எல்லாரும் ஏன் அப்படி எழவு வீடு மாதிரி உக்காந்திருந்தீங்க? அதப் பாத்துத்தான் எனக்குப் பயமே வந்துச்சு.”

நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி கீரை வைத்தேன்.