பொட்டு வைக்காத ரேடியோ

எங்கள் ஹாலில் முப்பத்திரண்டு வருடமாக ஒரு ரேடியோ இருக்கிறது. வாங்கும்போது வெள்ளை. பிளாஸ்டிக் கூடு வருடா வருடம் பழுத்து, கடைசியில் பழைய நெய்யின் நிறத்துக்கு வந்துவிட்டது. குரல் பழுக்கவில்லை. காலை ஆறே முக்கால் செய்தியை நான் அதில்தான் கேட்பேன். ஆனால் போன தை மாதம் சுவருக்கு வெள்ளையடித்ததும், மருமகளின் கண்ணை அது உறுத்தத் தொடங்கியது.

"மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு மாமா. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துப் பாருங்க. இல்லாட்டி பழைய சாமான்காரர்ட்ட போட்டுருவோம்."

மூன்று பேர் சிரித்தார்கள். மருமகள், மகன், மூன்றாவது ஆள் என் மனைவி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆயுதபூஜைக்கு என் மனைவி அதன் முகப்பில் மூன்று சந்தனப் பொட்டு வைப்பாள். வருடா வருடம் அதே இடம். அடுத்த பூஜை வரை யாரும் துடைப்பதில்லை. நான் ஈரத்துணியால் துடைத்தேன். அடியில் மூன்று வட்டங்கள், பால் வெள்ளை. இதுதான் இதன் நிறம் என்று மருமகளுக்குக் காட்டினேன். முழுவதும் அப்படி ஆனால் ஹாலில் இருக்கட்டும் என்றாள்.

முடியின் நிறம் போக்கும் கிரீமைத் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்று மகன் செல்போனில் பார்த்துச் சொன்னான். பொன்னமராவதியில் ஒரு கடையில் கிரீம் கேட்டேன். கடைக்காரப் பெண் என் தலையைப் பார்த்தாள். இருப்பதை எண்ணிவிடலாம். "யாருக்குங்கய்யா?" என்றாள். ரேடியோவுக்கு என்றேன். பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பதினோரு திருகாணிகளைக் கழற்றி, கூட்டை மட்டும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். பங்குனி வெயிலில் அரைமணிக்கு ஒருதரம் திருப்பி வைத்து, மூன்று நாள். என் விரல் நுனிகளும் வெளுத்து எரிந்தன. மூன்றாம் நாள் மாலை அந்த மூன்று வட்டங்களைத் தேடினேன், தெரியவில்லை.

மருமகள் அசந்துபோனாள். அதுவே வினையாயிற்று. இவ்வளவு அழகான பொருளில் தூசி படக்கூடாதென்று கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டாத குறை. ரேடியோவின் வயர் நாலரை அடி. பிளக் ஒன்பது அடி தள்ளி இருக்கிறது. செய்தியைச் செல்போனில் கேட்கலாமே என்றாள். ஆறு மாதம் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயுதபூஜை வந்தது. மிக்சி, கிரைண்டர், அரிவாள்மனை, மருமகளின் ஸ்கூட்டர் என்று பதினாலு சாமான்களுக்குப் பொட்டு ஆயிற்று. அலமாரிப் பக்கம் நகர்ந்த என் மனைவியை மருமகள் தடுத்தாள்.

"அதுக்கு வேணாம் அத்தை, கறை புடிச்சுரும். அது சும்மாதானே உக்காந்துருக்கு."

சும்மா உட்கார வைத்தது யார்? நான் அலமாரியைத் திறந்தேன். ரேடியோவைத் தூக்கிவந்து பிளக் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். சந்தனக் கிண்ணத்தை நானே எடுத்தேன். பழைய இடம் எதுவென்று தெரியாமல் விரல் நின்றது.

"இன்னுங் கொஞ்சம் இங்கிட்டு வைங்க," என்றாள் என் மனைவி.

மூன்று பொட்டும் வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். பதினைந்தாவது சாமான்.