மூடின மைனுக்குள்ள விமலா இறங்கின ஞாயித்துக்கிழமை

கிர்ர்ர்ருன்னு ஒரு சத்தம்... மூடியைக் கழட்டி வெச்ச கம்ப்யூட்டர் சிபியு. அதுக்குன்னு தனியா ஒரு டேபிள் ஃபேன் ஓடும். எங்களுக்குக் காத்து கிடையாது. தகர ஷீட்டுக்கு அடியில, மத்தியான வெயில்ல, நானும் விமலாவும் வேர்த்து ஊத்திக்கிட்டு உக்காந்திருப்போம்.

கேஜிஎஃப் தங்கச் சுரங்க ஊர்ல, சாம்பியன் ரீப்ஸ்ல, தொழிலாளிங்களுக்கு வரிசையாக் கட்டின லைன் வீட்டுல விமலாவோட வீடு அது. பன்னெண்டு, பதிமூணு வருஷம் இருக்கும். ரெண்டு பேருக்கும் பெங்களூர்ல ஒரே ஆஃபீஸ். விடியறதுக்கு முன்னாடி மாரிகுப்பம் ட்ரெயின் பிடிச்சு ஓடுற கூட்டத்துல நாங்களும் ரெண்டு பேரு.

ஆஃபீஸ்ல கழிச்சுக் கட்டின கம்ப்யூட்டர் ஒண்ணை விமலா வீட்டுக்குக் கொண்டு வந்தா. கூட வேலை பார்த்த கிரண் அதுல ஒரு கேம் போட்டுக் கொடுத்தான். வாள், மந்திரம், டிராகன் எல்லாம் இருக்கும். ஆனா எங்களைப் பைத்தியமாக்கினது அதெல்லாம் இல்ல. அந்த உலகத்துல எங்க வேணா நடக்கலாம்! வாரம் ஆறு நாள் தண்டவாளத்து மேலயே போய் வர்றவங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

எங்க சிஸ்டத்துல லோ செட்டிங்ஸ்தான் ஓடும். மரத்துக்குக் கிட்ட போனாத்தான் இலை முளைக்கும். அதுக்கே வாயைப் பொளந்து பார்ப்போம். ஒரு ஞாயித்துக்கிழமை பூரா ஒரு மலை மேல நின்னு சூரியன் வர்றதுக்காகக் காத்திருந்தோம். சண்டைன்னா விமலா ஓடிடுவா. மான் ஒண்ணைக்கூட அடிக்க விடமாட்டா.

விமலாவோட அம்மா பின்னாடி உக்காந்து பீன்ஸ் நறுக்கிக்கிட்டே பார்ப்பாங்க. நான் ஆன்ட்டின்னு கூப்பிடுவேன்.

"பனி கொட்டுது பாரு. அந்தப் பொண்ணுக்கு ஒரு ஸ்வெட்டர் போடுங்கடி..."

எங்க ஹீரோயினைத்தான் சொல்றாங்க.

மேப்ல ஒரு பெரிய மலை. அதுக்கு அந்தாண்ட இன்னொரு நாடே இருக்கு. ரோடு நேரா மலை அடிவாரத்துக்குப் போய், பலகை அடிச்சு மூடின ஒரு மைன் வாசல்ல நிக்கும். முதல் தடவை அங்க போனப்பவே ஆன்ட்டி கத்திட்டாங்க.

"ஏய் விமலா! அங்க இன்னாத்துக்குப் போற? திரும்புடி!"

ஸ்கிரீன்ல எங்க ஹீரோயினோட குதிரை திரும்பிடுச்சு. ஏன்னு நானும் கேக்கல. கேஜிஎஃப்ல வளர்ந்த யாரும் கேக்க மாட்டாங்க. மூடின சுரங்க ஷாஃப்ட் பக்கம் போனா காலை ஒடிச்சிடுவேன்னு சொல்லித்தானே எங்களையெல்லாம் வளர்த்தாங்க! அதோட விமலா மூணாவது படிக்கும்போது அவங்கப்பா ஏர் பிளாஸ்ட்ல போயிட்டாரு. பூமிக்கடியில பாறை வெடிச்சுச் சரியுமே, அது. அதைப் பத்தி அந்த வீட்டுல யாரும் பேச மாட்டாங்க.

எட்டு மாசம்! மலையை எல்லாப் பக்கமும் சுத்தி வந்து ஏறிப் பார்த்தோம். வழுக்கி வழுக்கி விழுந்தோம். மூணு குதிரை செத்துப் போச்சு. வழியே இல்லன்னு முடிவு பண்ணிட்டு, ஒருநாள் கிரண்கிட்ட சொன்னோம்.

அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே... பலகையை ரெண்டு தட்டு தட்டினா உடைஞ்சிடுமாம். கதையே அந்த மைன் வழியாத்தான் போகுதாம்.

அன்னைக்கு ட்ரெயின் பங்காருபேட்டை தாண்டினதும் விமலா என் பக்கம் சாஞ்சா. அப்புறம் மெதுவா, "எனக்கு உள்ள பாக்கணும்டி... பயமாவும் இருக்கு. அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க"ன்னா.

யோசிச்சுப் பார்த்தா, எனக்கும் ஒண்ணும் தெரியாது. ஷிஃப்ட், லெவல், கேஜ்... வார்த்தை எல்லாம் அத்துப்படி. ஆனா பூமிக்கடியில அந்த இடம் எப்படி இருக்கும்? பொம்பளைங்களைக் கீழே விட்டதே இல்ல. எங்கப்பாவும் மைன்ல வேலை முடிஞ்சு வந்து, குளிச்சு, தூங்கிடுவாரு.

அடுத்த ஞாயித்துக்கிழமை சர்ச்ல மாதர் கூட்டம். ஆன்ட்டி கிளம்பினதும் பலகையை உடைச்சோம்.

உள்ள கும்மிருட்டு. கையில ஒரு விளக்கு மட்டும். கயிறு கட்டின ஒரு கூண்டு, கேஜ்தான் அது, எங்களைக் கீழே இறக்குச்சு. தண்ணி சொட்டுற சத்தம். விமலா ஓடவே இல்ல, ஒவ்வொரு அடியா நடந்தா. நான் அவ தோளைப் பிடிச்சுக்கிட்டேன்.

திரும்பிப் பார்த்தா, வீட்டு வாசல்ல ஆன்ட்டி! கூட்டம் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு போல. கையில பைபிள். விமலா பதறிப் போய் ஆஃப் பண்ணப் போனா.

"நிறுத்தாத."

ஆன்ட்டி வந்து உக்காந்தாங்க. அப்புறம் ஸ்கிரீனைக் காட்டி, "தோ அது இன்னா? கிட்ட போ"ன்னாங்க.

பாறை ஓரமா ஒரு பலகை. அது மேல நாலு தட்டு, ஒரு ரொட்டி, ஒரு குவளை. அவ்ளோதான். எடுத்தா பாயின்ட் கிடையாது, கதைக்கும் தேவையில்ல. எங்கயோ ஒரு நாட்டுல ஒருத்தர் உக்காந்து, இங்க வேலை செஞ்சவங்க சாப்பிட்டிருப்பாங்களேன்னு யோசிச்சு அதை வெச்சிருக்காரு! அந்த மனுஷனை நினைச்சா எனக்கு இன்னைக்கும் கும்பிடத் தோணுது.

"இப்டி எங்கனா ஒக்காந்துதான் உங்கப்பா சாப்ட்டிருப்பாரு இல்ல? டெய்லி கட்டிக் குடுப்பேன். எங்க ஒக்காந்து சாப்புடுவீங்கன்னு ஒரு நாளும் கேக்கலியே..."

விமலா அழுதா. நானும்தான்.

அதுக்கப்புறம் மலைக்கு அந்தாண்டயும் போனோம். பெரிய ஏரி, அது நிறைய வெள்ளைப் பறவை. எட்டு மாசம் காத்திருந்ததுக்கு மோசமில்ல.

இப்பல்லாம் கேம்ல எங்க போகணும்னு அம்புக்குறியே காட்டிடுது. நானும் ரெண்டே வாரத்துல முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடறேன். வழி தெரியாம எட்டு மாசம் சுத்தறதுக்கு யாருக்குப் பொறுமை இருக்கு? எனக்கே இல்ல.

விமலா இப்போ பெங்களூர்ல வீடு எடுத்துட்டா. ஆன்ட்டியும் அவகூடத்தான். போன மாசம் போயிருந்தேன். அதே கேமைப் புதுசாப் பண்ணி விட்டிருக்காங்க. சுவத்தளவு டிவியில போட்டா. ஏரி, பறவை எதுக்கும் போகல, நேரா மைனுக்குள்ள இறங்கினா. எங்க பழைய கம்ப்யூட்டர்ல வெறும் இருட்டா இருந்த இடமெல்லாம் இப்போ வரிசையா விளக்கு. ஒவ்வொரு கல்லும் தெரியுது, மேல விரிசல் விட்ட பாறைகூட.

ஆன்ட்டி கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு அந்தப் பாறையையே பார்த்தாங்க.

"அப்பவே கீழ உங்கப்பாவுக்கு இவ்ளோ வெளிச்சம் இருந்திருந்தா..."ன்னாங்க.

விமலா கன்ட்ரோலரை மடியில வெச்சுட்டு அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டா. டிவியில அந்தப் பொண்ணு விளக்கோட நின்னுக்கிட்டே இருந்தா.