என் மாடிச் சுவரில் ஒரு கொக்கி

முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். மின்காந்த அலைகள் எனக்கு மனப்பாடம். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

புதுப்பட்டினத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்தவர். மனைவி இல்லை. ஒரே மகள் ஓசூரில். புற்றுநோயால் அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே குடிவந்தார். எங்களோடு சிலேட்டில் எழுதிப் பேசுவார். காலையில் மோர்ஸ் தந்தி அடிக்கும் சாவியின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆள். புள்ளியும் கோடுமாகத் தட்டி, கொழும்பிலோ கொல்கத்தாவிலோ யாரோடாவது மணிக்கணக்கில் அரட்டை. ஒருமுறை எழுதிக் காட்டினார்: "அங்கே யாருக்கும் நான் ஊமை என்று தெரியாது."

அதற்கென முறையாக உரிமம் வாங்கி, மொட்டை மாடியில் நாற்பதடி ஆன்டெனாக் கம்பம் நட்டார். அது சாயாமலிருக்க நான்கு பக்கமும் இழுகம்பி வேண்டும். ஒரு பக்கம் இடம் போதவில்லை. எங்கள் மாடிச் சுவரில் கொக்கி அடிக்கச் சொன்னவள் என் மனைவி. "அண்ணா பேசறதுக்குத்தானே, அடிச்சிக்கட்டும்." அதே கொக்கியில் துணிக்கொடியின் ஒரு முனையையும் கட்டிக்கொண்டாள்.

பிறகு அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனதெல்லாம் அவர் காரில்தான். பதினோரு மாதத்தில் போய்விட்டாள்.

காரியம் முடிந்த வாரமே குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வந்தார். வேன் ஓட்டுகிறவர்.

"இன்னா சார், யோசிச்சுப் பாரு. அந்த வூட்ல தொண்டை, உன் வூட்ல மாரு. நடுவுல கீறது அந்தக் கம்பம்தானே?"

"அவரு நோய் வந்தப்புறம்தான் இங்க வந்தாரு. கம்பமும் அப்புறம்தான்."

"அதெல்லாம் இன்னா கணக்கு சார்? எங்க வூட்ல பசங்க கீதுங்க. நீ சயின்ஸ் வாத்தியாரு. நீ எழுதிக் குடுத்தா எவனும் மறுபேச்சு பேசமாட்டான்."

அணுமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இத்தனை வருடமாகக் குடியிருக்கிறோம். பாதித் தெருவுக்கு அங்கேதான் வேலை; அதைக் கண்டு யாரும் பயந்ததில்லை. இதைச் சொல்லிச் சிரித்து அவரை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அவளுக்கு ஏன் வந்தது என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் கண்ணில் படுகிற காரணம்.

கம்பத்தை அகற்றக் கோரி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு மனுவை நானே எழுதினேன். குடியிருப்புக்கென்று ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவில் கட்டட அனுமதியின்றி எழுப்பிய கோபுரம் என்று. கதிர்வீச்சு என்ற சொல்லையும் ஓரிடத்தில் சேர்த்தேன்.

விசாரணைக்கு அவர் உரிமத்தின் நகலோடும் சிலேட்டோடும் வந்தார். அவர் எழுதி முடிக்கும்வரை அதிகாரிக்குப் பொறுமையில்லை. "சீக்கிரம் பெரியவரே, பின்னாடி பத்து பேரு நிக்கறாங்க." யாரோ சிரித்தார்கள். எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு ஒரே வரி எழுதினார்: "சாரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியும்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க வாத்தியாரே. இதால நோய் வருமா, வராதா?"

வராது என்று எனக்குத் தெரியும். "உறுதியா சொல்ல முடியாதுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சிலேட்டைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கம்பத்தை இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மேலே முறையிட்டிருந்தால் ஜெயித்திருப்பார். முறையிடவில்லை. ஆள் வைத்துக் கம்பத்தை இறக்கினார். எங்கள் பக்கத்து இழுகம்பியை நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் காலையில் அந்த வீட்டிலிருந்து சத்தம் வந்தது. சாவியில் ஒரு சின்ன பஸ்ஸரை மட்டும் மாட்டித் தட்டிக்கொண்டிருந்தார். ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப. நோட்டில் புள்ளியும் கோடுமாகக் குறித்துக்கொண்டு, மோர்ஸ் அட்டவணை இருந்த பழைய புத்தகத்தை எடுத்து எழுத்து எழுத்தாகத் தேடினேன். யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாகக் கூப்பிடுகிற அழைப்பு அது. கம்பம் இல்லாமல் என் ஜன்னலைத் தாண்டி அது எங்கேயும் போகாது.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கதவைத் திறந்தார். சிலேட்டில் "காபி?" என்று எழுதினார். தலையாட்டினேன். அவர் போட்டுத் தந்த காபியைக் குடித்துக்கொண்டு வெயிலைப் பற்றியும் தண்ணீர் லாரி வராததைப் பற்றியும் பேசினேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் மகள் வந்து ஓசூருக்கு அழைத்துப் போனாள். போன தை மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. அவர் இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"கடைசி வரைக்கும் கட்டில் கம்பியில விரலால தட்டிக்கிட்டே இருந்தாரு அங்கிள். எங்க யாருக்கும் ஒண்ணும் புரியல."

"எப்படித் தட்டினாரு? தட்டிக் காட்டும்மா."

யோசித்து, போனின் மேல் தட்டினாள். நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன். எந்த எழுத்தும் வரவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். அவளுக்கு நினைவில்லை.

துணிக்கொடி இன்னும் அந்தக் கொக்கியில்தான் இருக்கிறது. என் வேட்டியும் துண்டும் மட்டும் காய்கின்றன.