களத்தில் நின்ற கேரவன்

எங்கள் வாசல் பலாவிலிருந்து ஒரு பழம் இறங்கி மகனுடைய புதுக் காரின் கூரையில் உட்கார்ந்ததே, அந்த வருஷத்து மார்கழியில் நடந்தது இது. வருஷத்தின் எண் எனக்குத் தவறலாம், பலாப்பழம் தவறாது. அந்தக் கார் இன்றும் நடுவில் குழிந்துதான் ஓடுகிறது. மழை பெய்தால் காக்கை அதில் குளிக்கும்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு எங்காவது கூட்டிப் போகச் சொல்லிப் பேரப்பிள்ளைகள் பிடித்த பிடியில், மகன் போனில் ஒரு படம் காட்டினான். சின்னக்கானல் பக்கத்து அணைக்கட்டு ஏரி. கரையில் பஸ் மாதிரி ஒரு நீள வண்டி, பக்கத்தில் நாலு கூடாரம். கேரவன் என்றான். உள்ளேயே படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டாம். பெண்களுக்கு வண்டி, ஆண்களுக்குக் கூடாரம். எங்கள் குடும்பமும், மளிகைக்கடை ராவுத்தர் குடும்பமும் சேர்ந்து போவது என்று பேச்சு. ராவுத்தர் எனக்குச் சின்ன வயதுக் கூட்டாளி. அவர் என்னை மாப்ளே என்பார், நான் அவரை மச்சான் என்பேன். எப்போது ஆரம்பித்தோம் என்று இருவருக்கும் ஞாபகமில்லை.

எல்லாம் கூடி வரும்போது என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்கண்ணு, சோறாக்கற எடத்துக்கும் கக்கூசுக்கும் நடுவுல எத்தன அடி?"

மகன் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தான். "ஒரு பலகைதானுங்கம்மா."

"அப்ப நீங்க போயிட்டு வாங்க. நான் ஊட்டப் பாத்துக்கறன்."

அவ்வளவுதான். அவள் வராவிட்டால் யாரும் போவதில்லை என்று மகன் சொல்லிவிட்டான். கேரவன்காரரோ சாயங்காலத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் வெளியூரில் தங்கியதெல்லாம் பிரசவத்துக்கும் துக்கத்துக்கும்தான். சும்மா சந்தோஷத்துக்கு ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. அதோடு இன்னொன்றும் எனக்குத் தெரியும். மாட்டேன் என்று சொன்ன பிறகு, மருமகளிடம் அந்த ஏரிப் படத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

நான் பள்ளிக்கூடம் பக்கம் போகாதவன். இருபத்திரண்டு அடி நீளம், ஏழடி அகலம் என்று வாயால் சொன்னால் எனக்கு விளங்காது. காலை வைத்து நடந்தால்தான் விளங்கும். எதுவானாலும் முதலில் சுண்ணாம்பால் தரையில் போட்டுப் பார்த்துவிடுவேன். மாட்டுக்கொட்டகை கட்டும்போது கோடு போட்டு, எருமையையே கூட்டிவந்து உள்ளே நிறுத்திப் பார்த்தேன். அது சுவரைத் தாண்டிப் போய்ப் புல் மேய்ந்தது. சரி, அது கிடக்கட்டும்.

நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் அன்று முக்கால்வாசி காலி. ஓர் ஓரத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கிளறிவிட்டுக்கொண்டு, எங்களைப் பார்க்காத மாதிரி என் மனைவி உட்கார்ந்திருந்தாள். நான் அடிமேல் அடி வைத்து அளந்து சுண்ணாம்புத் தூளால் வண்டியைப் போட்டேன். டிரைவர் சீட்டு, நாலு படுக்கை, அடுப்பு, ஒரு மூலையில் கக்கூஸ். மகன் போனைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் கோடு இழுத்தேன்.

அந்நேரம் ராவுத்தர் வந்து சேர்ந்தார். வந்தவர் ஒன்றும் கேட்காமல் ஒரு படுக்கையில் மல்லாந்து படுத்தார்.

"மச்சான், இது பொம்பளைக வண்டி."

"அந்தக் காட்டுல யானை வந்தா ஆம்பளைகளும் உள்ளதான ஓடி வரோணும். எடம் பாக்க வேண்டாமா மாப்ளே?"

"உன்ற வயிறு வண்டிக்கு வெளிய கெடக்குது. போடிமெட்டு வளைவுல ஒரசும்."

"அந்த ரோட்டுல நான் எத்தன தரம் ஏலக்கா ஏத்திட்டு வந்திருக்கறன். வளைவே என் வயித்தப் பாத்து வெலகிக்கும்."

பேரப்பிள்ளைகளுக்கு அது போதும். ஒன்று யானையானது. மற்றதெல்லாம் கத்திக்கொண்டு வண்டிக்குள் பாய்ந்தன. மகனும் பாய்ந்தான், மருமகளும் சிரித்துக்கொண்டே பாய்ந்தாள். எனக்கு டிரைவர் சீட்டு மட்டும் கிடைத்தது. வெயிலில் நின்று வாயால் ஹாரன் அடித்தேன். இந்த வயதில் அப்படி அடித்தது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் இன்னொரு தரம் அடித்தேன்.

ராவுத்தரின் மனைவி அவரைத் தேடிக்கொண்டு அப்போதுதான் களத்துக்கு வந்தார். கோட்டைப் பார்க்காமல் நேரே அடுப்பின் மேல் நடந்து வந்தார்.

ஓரத்திலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "அக்கா, அது செவுரு. இப்படிச் சுத்தி வாங்க."

எல்லாரும் கோட்டைப் பார்த்தோம். நான் கதவுக்குக் கோடு போடவே மறந்திருந்தேன். அவள் எழுந்து வந்து, காலால் சுண்ணாம்பைத் தள்ளி ஒரு வழி விட்டாள். "இதான் கதவு. படத்துல இங்கதான இருக்குது." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த வழியாகவே உள்ளே வந்தாள். தலை இடிக்காமல் குனிந்துகூட வந்தாள்.

அடுப்பிலிருந்து கக்கூசுக்கு நடந்தாள். இரண்டு எட்டு. திரும்ப நடந்தாள். அப்போதும் இரண்டுதான். முகம் சுருங்கியது.

"ஏனுங்க, இந்த அடுப்பத் தூக்கி வெளிய வையுங்க."

நான் குனிந்து துடைப்பத்தால் அடுப்பை அழித்தேன். பத்தடி தள்ளி ஏரிக்கரையில் புதிசாக ஒன்று போட்டேன். அவள் போய்ப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"சமையல் பூராவும் இங்கதான். வண்டிக்குள்ள சுடுதண்ணிகூட வெக்கப்படாது. சம்மதம்னா வரன்."

"சம்மதம்" என்று முதலில் சொன்னவர் ராவுத்தர், படுத்தபடியே.

மகன் உடனே கேரவன்காரருக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்து, சமையலறை வேண்டாம் என்று தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னான். "அடுக்கள வேண்டா சேட்டா."

"அடுக்களயில்லாத்த வண்டி எவிடெயும் இல்லல்லோ" என்று அந்த மனிதர் பாவம் தவித்தார்.

"இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லு. துணி மூட்டை வெச்சுக்கலாம்" என்றாள் அவள். பிறகு ராவுத்தரை எழுப்பி விரட்டிவிட்டு என்னிடம் கேட்டாள். "சன்னல் எந்தப் பக்கம்?"

காட்டினேன். அந்தப் பக்கத்துப் படுக்கையில் கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்துக்கொண்டாள். பட்டப்பகலில், அத்தனை பேர் முன்னால், களத்தில். எதிரே தேங்காய்ப் பருப்பு.

"அதானுங்களா ஏரி?"

"ஆமா புள்ள."

"கொஞ்சம் காஞ்சு கெடக்குது."

ராவுத்தரின் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவரைப் பக்கத்துப் படுக்கையில் படுக்கவைத்து முதுகைத் தடவிக்கொண்டே, புளிச்சோறு யார் கட்டுவது, எத்தனை போர்வை, ராத்திரி யார் யாரை எழுப்புவது என்று இவள் ஆரம்பித்துவிட்டாள். யார் கூப்பிட்டும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் மருமகள் காப்பியை அங்கேயே கொண்டுவந்தாள், கதவு வழியாக.

உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இப்படி வண்டி எடுத்து ஏரிக்கரைக்குப் போக நினைத்து, வீட்டில் ஒருவர் மட்டும் மாட்டேன் என்றால், இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். சுண்ணாம்பு எடுத்து வாசலில் வண்டியைப் போடட்டும். கதவை மட்டும் போட வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள்.