பேஸ் குரலுக்கு ஒரு கேசட்

லூதியானாவில் ஒரு கோடவுனில் ஸ்வெட்டர் ரகம் பிரித்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. சாலமோன் அண்ணனின் மனைவி மேரி அக்கா.

"உங்க அண்ணன் போயிட்டாருப்பா. நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம். கல்லறையில அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டைத்தான் பாடணும்னு சொல்லி வச்சிருந்தாரு. அடிக்குரல் பேஸுக்குத்தான் ஆள் இல்ல. வந்துருவியா?"

வெளியே எதிர்க்கடையின் போர்டுகூடத் தெரியாத பனிமூட்டம். விமானம் ரத்து. ரயில் எப்போது கிளம்பும் என்று ஸ்டேஷன்காரர்களுக்கே தெரியவில்லை. "பாக்குறேன்க்கா" என்றேன். பார்க்க ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

குழு நண்பர்களே, சாலமோன் அண்ணனைத் தோளில் சுமந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? பூனாவில் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் ஸ்டோர் கீப்பர், நம் லுத்தரன் சபையின் பாடகர் குழுத் தலைவர், கோபக்காரர். எல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த மூன்று மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்பது மட்டும் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போபோடி பஜாரில் தரையில் சாக்கு விரித்து ஸ்வெட்டர் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் அவர் என்னைப் பிடித்தார். நான் விலை கூவுவதைச் சற்று நேரம் நின்று கேட்டார். "ஏண்டா, இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு கம்பளி விக்கிறியா? ஞாயித்துக்கிழமை வா" என்றார். போனேன். மராத்திச் சபையார் தங்கள் ஆராதனை முடிந்தபின் நமக்கு விட்டுக்கொடுத்த மதிய நேரம். கடைசி வரிசையில் என்னை நிறுத்தி, "இவன்தான் நம்ம பேஸ்" என்று அறிவித்தார். என்னை யாரும் கேட்கவில்லை.

அவருக்கு ஒரே ஆசை. ஜெர்மன் மெட்டில் அமைந்த பழைய கிறிஸ்துமஸ் ஞானப்பாட்டு ஒன்றை, சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலும் சேர்ந்து, ஒரு கிறிஸ்துமஸ் காலையிலாவது குறையில்லாமல் பாடிவிட வேண்டும். ஆனால் ஒருவருக்கு ஃபேக்டரியில் பகல் ஷிஃப்ட் என்றால் இன்னொருவருக்கு ராத்திரி ஷிஃப்ட். லோஹேகாவ் விமானப்படைக் குடும்பங்களோ பாட்டுப் பழகும் நேரத்தில் மாற்றலாகிப் போய்விடும். எனக்கு டிசம்பர்தான் வருஷம். மற்ற மாதமெல்லாம் அதற்கான முஸ்தீபு. டிசம்பரில் நான் சரக்கோடு வடக்கேதான் கிடப்பேன்.

வியாபாரி புத்தியில் ஒரு யோசனை சொன்னேன். "ஏப்ரல்ல எல்லாரும் ஊர்ல இருப்போம். அப்பவே பாடி ரெக்கார்டு பண்ணிடலாம்ணே."

"தாலி கட்டுறதுக்கு முன்னாடியே பந்தி போடுவியாடா? அட்வெந்துங்கிற காத்திருப்பு நாலு வாரம் முடியாம கிறிஸ்துமஸ் பாட்டு என் குழு வாயில வராது."

"அப்ப எப்படிப் பழகுறது?"

அதற்குத்தான் கேசட். ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக அவரே பாடிப் பதிந்து, அவரவர் பங்கை மட்டும் அவரவரிடம் கொடுத்தார். ஒற்றைக் குரல் பாட்டாகாது, ஆகவே திருச்சபை நாட்காட்டியை மீறினதாகாது என்பது அவர் கணக்கு. சிரிக்காதீர்கள், நீங்களும் அப்படித்தான் பழகினீர்கள்.

பேஸ் கேசட்டைக் கேட்டால் என் கஷ்டம் புரியும். மெட்டே கிடையாது. "லாரி ரிவர்ஸ் எடுக்குற மாதிரி இருக்குண்ணே" என்றேன். நடுவில் பேஸ் ஓய்ந்து நிற்கும் இடத்தில் அவர் குரல் தணிந்து, "பொறு... பொறு..." என்னும். பிறகு, "இப்போ." வாக்மேனில் அதை மாட்டிக்கொண்டு எத்தனையோ குளிர்காலம் லூதியானாவுக்கும் பானிபட்டுக்கும் அலைந்தேன். வரி மனப்பாடம். பாட்டு எப்படியிருக்கும் என்று மட்டும் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பரில் அவரே டில்லிக்கு ஆபீஸ் வேலையாக வந்தார். "உன்னைக் கையோட கூட்டிட்டு வர்றேன்னு சபையில சொல்லிட்டேன்" என்று என் மூட்டைகளோடு என்னை ரயிலேற்றினார். ஆக்ராவுக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டியதுபோல மூடுபனி. டீ தீர்ந்தது, தண்ணீர் தீர்ந்தது. இறங்கினால் தண்டவாளம் எது, பள்ளம் எது என்று தெரியாது. அண்ணன் பெட்டியின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நடந்தார். "பூட்டி வச்சுட்டானுங்கடா" என்றார்.

அங்கேயே கிறிஸ்துமஸ் விடிந்தது. நான் மூட்டையைப் பிரித்து, நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஸ்வெட்டர் விற்றுக்கொண்டிருந்தேன்.

"ஆண்டவர் பொறந்த நாள்ல சரக்கு விக்கிறியேடா!"

"குளிருதுன்னு கேக்குறாங்கண்ணே. உங்களுக்கும் ஒண்ணு தரவா?"

வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, "சரி, உன் பங்கை எடு" என்றார். நான் தொடங்கினேன். அதன்மேல் அவர் மெட்டை வைத்தார். கோடவுனில் அடிமூட்டை அசையாமல் இருந்தால்தான் மேல்மூட்டை நிற்கும். அது என் தொழில், எனக்குத் தெரியும். பாட்டிலும் அப்படித்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தனை வருஷம் நான் முனகியது எதற்கென்று புரிந்தது. "பொறு" வந்த இடத்தில் நன்றாகவே பொறுத்தேன்.

எதிர் சீட்டு அம்மாள், என்னிடம் வாங்கிய ஸ்வெட்டரோடு, "அழகா இருக்கு. ஆனா ஏதோ குறையுதே?" என்று இந்தியில் கேட்டாள்.

"மீதிப் பேர் பூனால பாடுறாங்கம்மா" என்றார் அண்ணன்.

நாங்கள் ஊர் சேர்ந்தபோது பண்டிகை முடிந்திருந்தது. அதற்குப் பிறகும் நான்கு குரல் ஒன்றாக நின்றதே இல்லை. ஒரு வருஷம் ஆல்டோ இல்லை, மறு வருஷம் நான் இல்லை. பிறகு அவரைப் பக்கவாதம் போபோடி வீட்டு மூன்றாம் மாடியில் கிடத்தியது. லிஃப்ட் இல்லாத கட்டடம். ஆராதனைக்கு இறக்கவும் முடியவில்லை, ஏற்றவும் முடியவில்லை. போன கோடையில் பார்க்கப் போனேன். பேச்சு வரவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்கத் தெரியாமல் என் வரியை முணுமுணுத்தேன். "பொறு" வரும் இடத்தில், அசையும் கையின் ஒரு விரலை உயர்த்தினார். நிறுத்தினேன். விரல் இறங்கியது. தொடர்ந்தேன்.

அடக்க நாளில், மூன்று மணிக்கு, அதே லூதியானா கோடவுனில் எழுந்து நின்று என் பங்கைப் பாடினேன். கோடவுன் முதலாளி சர்தார்ஜி கணக்கை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நடுவில் நான் ஓய்ந்ததும், "முடிஞ்சுதா?" என்றார்.

"இல்ல ஜி. மீதிப் பேர் பூனால பாடுறாங்க."

அந்தக் கேசட்டின் நாடா எப்போதோ அறுந்துபோனது. அந்தப் "பொறு" மட்டும் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கும் அது சரியான இடத்தில் வந்தது. "இப்போ" என்று சொல்லத்தான் அவர் இல்லை. நானே எண்ணி, நானே நுழைந்தேன்.