இரண்டு பெயருக்கு வந்த சாட்சி

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இதை எழுத இத்தனை வருடம் எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதும்போது இப்போதும் வாசலைத்தான் பார்த்துக்கொள்கிறேன்.

1997, மழைக்காலம். பர்மாவில், பசுந்தாங்குப் பேட்டையில் மூன்றாம் மாடியில் இருந்தோம். என் கணவர் பக்கவாதத்தில் விழுந்து கிடந்தார். நான் ஊட்டினால்தான் அவருக்குச் சாப்பாடு. உளுந்து ஏற்றுமதி செய்யும் சின்னக் கம்பெனியில் சரக்கின் தரம் பார்ப்பது என் வேலை. முதலாளி காரைக்கால் பக்கத்து முஸ்லிம் குடும்பம். நானா என்று கூப்பிடுவேன்.

அந்த மாதம் அனுப்பிய உளுந்தைச் சென்னைக்காரர் ஏற்க மறுத்துவிட்டார். மாதிரி ஒன்று, மூட்டையில் வேறு என்று புகார்.

"தங்கச்சி, நீ நேர்ல போய் மூட்டையப் பிரிச்சுக் காட்டுனாத்தான் நம்புவாங்க. இல்லாட்டி கடைய மூடிட்டு நானும் உன் வீட்டுக்காரர் பக்கத்துல படுத்துக்க வேண்டியதுதான்" என்றார் நானா.

சபைச் சகோதரிகள் என் கணவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வியாபார விசாவுக்குக் கியாக்டடாவில் இருந்த இந்தியத் தூதரகத்துக்குப் போனேன்.

பர்மாத் தமிழர்களான எங்கள் ஆட்களுக்கு இரண்டு பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். அடையாள அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் நான் டோ கின் மார். வீட்டிலும் சபையிலும் கடையிலும் ஸ்டெல்லா. நானா பழக்கதோஷத்தில் சென்னைக்கு ஸ்டெல்லா என்றே சொல்லியிருக்கிறார். அழைப்புக் கடிதமும் அப்படியே வந்துவிட்டது.

"இது யாரு?" என்று விசா அதிகாரி கேட்டார்.

"ரெண்டும் நான்தாங்க. எங்க பேட்டையில கேட்டுப் பாருங்க" என்றேன். தவளை தன் வாயால் கெட்டது. வேறு கடிதம் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். "அப்ப அதையே வார்டு ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்கம்மா" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டு பெயரில் நடமாடுகிறவர்களை ராணுவ ஆட்சி தேடிக்கொண்டிருந்த காலம் அது. வார்டு ஆபீஸ்காரர் கடிதத்தையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பர்மிய மொழியில், "இந்த இன்னொரு பெயரைச் சொல்லி உன் வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள்?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் அனுமதி வாங்காமல் பெண்கள் கூடி ஜெபிப்போம். "உன்னைத் தெரிந்த அக்கம்பக்கத்தாரை வியாழக்கிழமை கூட்டி வா. யாரும் வராவிட்டால் வேறு இடத்தில் விசாரிப்பார்கள்" என்றார்.

அந்த வேறு இடத்துக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை.

மறுநாள் முதல் எதிர் டீக்கடையில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். நான் இறங்கினால் பேப்பரை மடிப்பான். சகோதரிகள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். சாட்சிக்குக் கூப்பிடப் போனபோது மேல்மாடிக்காரி கதவைத் திறக்கவே இல்லை, கதவிடுக்கில் அவள் கால் தெரிந்தது. மாடிப்படியில் சத்தம் கேட்டாலே என் கணவர் முனகுவார்.

எல்லாரையும்விட நான் பயந்தது பக்கத்து வீட்டு ஊ டின் மாங்குக்குத்தான். எங்கள் பத்து வீட்டுக்கும் அவர்தான் தலைவர். யார் வந்தார்கள், போனார்கள் என்று மேலே சொல்லவேண்டியவர். நாங்கள் ஜெபிக்க உட்கார்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ நின்றுவிடும்.

புதன்கிழமை மத்தியானம் கணவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, விசா வேண்டாம். இவருக்கு என்னை விட்டு வையும்" என்று வாய்விட்டு அழுதேன். அந்தப் பக்கம் ரேடியோ நின்றது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை தனியாகத்தான் போனேன். என் பின்னால் ஒருவரும் இல்லாததைப் பார்த்து வார்டு ஆபீஸ்காரர் போனை எடுத்தார். அப்போது நனைந்த குடையோடு ஊ டின் மாங் உள்ளே வந்தார்.

"இந்த அம்மா ஸ்டெல்லாதான்" என்றார். "பல வருஷமாகச் சுவர் வழியாகக் கேட்கிறேன். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வேண்டுவார்கள். இவர் பெயரும் வரும். என் பெயரையும் விடமாட்டார்கள். என் மகள் பிழைக்கமாட்டாள் என்றிருந்த வாரம் எத்தனை தடவை சொன்னார்கள் தெரியுமா?"

கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

அன்பானவர்களே, நாங்கள் அவர் பெயரைச் சொன்னது உண்மை. "ஊ டின் மாங் கையிலிருந்து எங்களைத் தப்புவியும்" என்றுதான் வாரா வாரம் மன்றாடினோம். அவர் மகளுக்குக் காய்ச்சல் என்பதே எங்களுக்குத் தெரியாது.

விசா கிடைத்தது. சகோதரிகளும் திரும்பி வந்து கணவரைப் பார்த்துக்கொண்டார்கள். சென்னையில் மூட்டைகளைப் பிரித்துக் காட்டினேன், சரக்கை ஏற்றுக்கொண்டார்கள். திரும்பி வந்து என் கையால் கணவருக்குக் கஞ்சி ஊட்டினேன். தேவனுக்கே ஸ்தோத்திரம்.

டீக்கடை ஆள் அதற்குப் பிறகும் நெடுநாள் அங்கேயே இருந்தான். ஊ டின் மாங் யாருக்காக ஒட்டுக்கேட்டார், மேலே என்னவெல்லாம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ரேடியோ இன்றும் நிற்கிறது. இப்போது அவருக்காகவும் அவர் மகளுக்காகவும் உண்மையாகவே ஜெபிக்கிறோம், அவர் காதில் விழும்படி.

உங்கள் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருவர் இருப்பார். பயமாக இருந்தாலும் அவர் பெயரையும் சொல்லி ஜெபியுங்கள்.